சார்லஸ் அரசரின் கப்பல் படம்: கேள்வி பதில்

கே: சார், ஜான் பெய்ன் செதுக்கிய 'சாவரின் ஆஃப் த சீஸ்' (கடல்களின் அரசன்) என்ற போர்க்கப்பல் படத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

ப: இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் உலகத்துக்கு ஒட்டிய சுவரொட்டி என்றே அதைச் சொல்வேன். கப்பல் 1637-இல் வூலிச்சில் நீரில் இறங்கியது. மூன்று தளங்கள், நூறு பீரங்கிகளுக்கு மேல். பெய்ன் அதை இரண்டு செம்புத் தகடுகளில் செதுக்கி, தாளில் அச்சிட்டு, அந்த இரண்டு தாள்களை ஒட்டித்தான் முழுசாகக் காட்ட முடிந்தது. அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், இருந்த சிலையைக் கேளுங்கள்: குதிரை மேல் எட்கர் என்ற பழைய ஆங்கிலேய அரசர், குளம்படியில் ஏழு மன்னர்கள். கடல் எல்லாருக்கும் பொது என்று டச்சுச் சட்ட அறிஞர் குரோஷியஸ் 1609-இல் எழுதியிருந்தார். இல்லை, கடலுக்கும் சொந்தக்காரர் உண்டு என்று 1635-இல் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் செல்டன் மறுத்தார். செல்டனின் வாதத்தை, எழுத்துத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி சொன்னது இந்தக் கப்பல்.

கே: பணம் எங்கிருந்து வந்தது?

ப: செலவு 65,000 பவுண்டுக்கு மேல். சிற்பத்துக்கும் பொன்முலாமுக்கும் மட்டுமே 6,000-க்கு மேல் போனது! அந்தக் காலத்தில் கடற்படைக்கென்று நாடாளுமன்றத்தைக் கேட்காமலே 'கப்பல் பணம்' வசூலித்தார் சார்லஸ். கடலோர ஊர்களுக்கு மட்டும் இருந்த வரியை 1635-இல் உள்நாட்டுக்கும் நீட்டினார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜான் ஹாம்டன் 20 ஷில்லிங் (ஒரு பவுண்டு) கட்ட மறுத்து வழக்காடினார். 12 நீதிபதிகளில் 7 பேர் அரசர் பக்கம் நின்றார்கள். மக்களின் கோபம் அடங்கவில்லை. 1642-இல் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூண்ட உள்நாட்டுப் போருக்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். இந்தப் படத்தின் அழகை ரசிக்கிறவர்கள் அந்த வரி கட்டியவர்களையும் நினைக்க வேண்டும் என்பது என் கட்சி.

கே: அண்ணா, அது சண்டை போட்டதா, அலங்காரம் மட்டும்தானா?

ப: போட்டது. 1652-இல் இங்கிலாந்துக் கடற்கரைக்கு அப்பால் கென்டிஷ் நாக் என்ற மணல்திட்டுப் பக்கம் டச்சுக்காரர்களோடு மோதியது. ஆனால் போரில் வென்ற நாடாளுமன்றத் தரப்பு 1649-இலேயே சார்லஸின் தலையை வெட்டி, இங்கிலாந்தைக் குடியரசாக்கிவிட்டது. அவர் கட்டிய கப்பல் அவரைக் கொன்ற குடியரசுக்காகப் போரிட்டது. 1697-இல் சாத்தம் கப்பல் துறையில் எரிந்து போனது. கவனிக்காமல் விட்ட மெழுகுவர்த்திதான் காரணம் என்கிறார்கள்.

கே: பழைய பொருள் கடையில் இதே படம் பார்த்தேன். அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப: லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பிற்கால அச்சு. செம்புத் தகட்டில் எடுத்ததென்றால் கோடுகள்தான் இருக்கும், மை லேசாகப் புடைத்திருக்கும். ஓரத்தை வெட்டாமல் இருந்தால், தகடு அழுந்திய தடம் படத்தைச் சுற்றித் தெரியும். அப்புறம், இரண்டு தாள்களின் ஒட்டைத் தேடுங்கள். சட்டத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் விலை பேச வேண்டாம்.