கயிறும் உடம்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் என் பன்னிரண்டு வயது மகனை அருகில் அமர்த்தி ‘என்டர் த டிராகன்’ படத்தைப் போட்டுக் காட்டினேன். அரை மணி நேரத்தில் எழுந்து போய்விட்டான். எண்பதுகளில் வாடகை டெக்கில் விடிய விடிய இப்படங்களைப் பார்த்த எனக்கு மனம் ஆறவில்லை. அன்று திரையில் இருந்தது உண்மையான சண்டை. பின்னர் கயிறு கட்டிப் பறப்பதும் கிராஃபிக்ஸும் வந்து ஆசியச் சண்டைப் படங்களை அழித்துவிட்டன என்று நினைக்கிறேன். இது சரிதானா? அவனுக்கு வேறு எதைக் காட்டலாம்?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. நீங்கள் சொல்லும் காரணத்தைத்தான் முழுதாக ஏற்க முடியவில்லை. நீங்கள் காட்டிய அதே படத்திலிருந்து தொடங்குகிறேன். அதில் புரூஸ் லீ அந்தரத்தில் குட்டிக்கரணம் அடிக்கும் இடங்களில் அவருக்கு டூப் போட்டவர் யுவென் வா என்ற இளைஞர். தொடக்கத்தில் லீயிடம் அடிவாங்கும் பருமனான மனிதர் சாமோ ஹங். பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக ஓடிவந்து உதைபட்டு விழும் அடியாட்களில் ஒருவர் ஜாக்கி சான். மூவரும் ஒரே பள்ளியில் வளர்ந்தவர்கள்.

ஹாங்காங்கின் கௌலூன் பகுதியில் யூ ஜிம் யுவென் என்ற ஆசிரியர், பாட்டும் நடிப்பும் கரணமும் கலந்த சீன மேடைக் கலையான பீக்கிங் ஆபராவைக் கற்பித்த உறைவிடப் பள்ளி அது. ஏழு ஆண்டு, பத்து ஆண்டு என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துப் பெற்றோர் பிள்ளைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். சிறுவர்களைத் தங்கவைத்து நடிக்கப் பழக்கிய நம் பழைய பாய்ஸ் நாடகக் கம்பெனிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கரணம், கோல், வாள், பாட்டு, மணிக்கணக்கில் தலைகீழாக நிற்றல் என்று நாள் முழுதும் பயிற்சி, தவறினால் பிரம்படி. ஜாக்கி சான் 1961 முதல் பத்து ஆண்டுகள் அங்கே இருந்தார். அவர்கள் பயிற்சி முடித்து வெளியே வந்த காலத்தில் ஆபராவுக்கு வரும் கூட்டம் வற்றிப்போயிருந்தது. வேறு தொழில் அறியாத அந்தப் பிள்ளைகள் சினிமாவில் விழவும் புரளவும் கூலிக்குப் போனார்கள்.

மேடைக்கும் சினிமாவுக்குமான இந்த உறவு அவர்களுக்கும் முந்தியது. 1966இல் ‘கம் டிரிங்க் வித் மீ’ எடுத்த கிங் ஹூ, தனக்குக் குங்ஃபூ தெரியாதென்றும் தன் சண்டைகள் பீக்கிங் ஆபராவிலிருந்து வந்தவை என்றும் வெளிப்படையாகவே சொன்னவர். அப்படத்தின் நாயகி செங் பெய் பெய் நடனம் கற்றவர். சண்டை அமைத்த ஹான் யிங் சியே ஆபரா மேடையில் பயின்றவர். பின்பு தைவானில் எடுத்த ‘எ டச் ஆஃப் ஜென்’ படத்தில், மூங்கில் காட்டில் நிகழும் சில நிமிடச் சண்டையைப் படமாக்க கிங் ஹூ 25 நாட்கள் எடுத்துக்கொண்டார். அதில் மூங்கில் உச்சியிலிருந்து வீரர்கள் தலைகுப்புறப் பாய்கிறார்கள். அந்தப் படத்துக்கு 1975இல் கான் திரைப்பட விழா தொழில்நுட்பத்துக்கான பெரும் பரிசை அளித்தது. ஆகவே பறத்தல் என்பது பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட நோய் என்று சொல்ல வழியில்லை; இந்த வகைப் படங்களின் நல்ல காலத்திலேயே அது உண்டு.

ஆபராவிலிருந்து சினிமாவுக்கு வந்தவற்றில் கரணத்தை விடப் பெரியது தாளம். மேடையில் கொட்டுக்கும் சேகண்டிக்கும் ஏற்ப வீரர்கள் மோதுவார்கள், சட்டென்று சிலைபோல் உறைவார்கள், மீண்டும் வெடிப்பார்கள். ஹாங்காங் சண்டைக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேட்டாலே அந்த அடவு புரியும். சண்டைப் பயிற்சியாளரே கேமராவின் இடத்தை முடிவு செய்வார்; நாலைந்து அடிகளை ஒரு துண்டாக, முழு உடம்பும் தெரியும்படி எடுப்பார்; அடுத்த துண்டுக்கு இடத்தை மாற்றுவார்; தேவைப்பட்டால் கேமராவின் ஓட்டத்தைச் சற்றுக் குறைத்து, திரையில் வேகத்தைக் கூட்டுவார். 1985இல் வந்த ‘போலீஸ் ஸ்டோரி’யில் ஜாக்கி சான் வணிக வளாகத்தின் மேல்தளத்திலிருந்து விளக்குச் சரங்கள் சுற்றிய கம்பத்தைப் பற்றிக்கொண்டு சரிந்து இறங்குவதை மூன்று முறை அடுத்தடுத்துக் காட்டுவார்கள். குதித்ததும் கை வெந்ததும் மெய்; மும்முறை காட்டியது படத்தொகுப்பு. அந்தக் காட்சியில் எது உண்மையான சண்டை என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

வீழ்ச்சிகளும் பலமுறை வந்தன. 1973 ஜூலையில் புரூஸ் லீ இறந்ததும் அவர் பெயரையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு போலிகள் கிளம்பினார்கள். அவர் முடிக்காமல் விட்ட படத்தை 1978இல் டூப்புகளைக் கொண்டு முடித்து, அவருடைய இறுதிச் சடங்கின் உண்மையான காட்சிகளையும் அதில் சேர்த்தார்கள். இந்த வகைப் படங்களின் வரலாற்றில் அதைவிடக் கீழான இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதே 1978இல்தான் ‘36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்’ வந்தது, ‘டிரங்கன் மாஸ்டர்’ வந்தது. முன்னதில் சண்டையை விடப் பயிற்சிதான் கதை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஆண்டுக்கு இருநூறுக்கும் மேல் படங்கள் தயாரான அக்காலத்தில், பாடகர்களாகப் புகழ்பெற்றவர்களைக் கயிற்றில் கட்டிப் பறக்கவிட்டு வாள்வீரர்கள் என்றார்கள். பயிற்சி இல்லாத உடம்பை மறைக்கக் கயிறு பயன்பட்டது. ரவுடிக் கும்பல்களின் மிரட்டலை எதிர்த்து 1992 ஜனவரியில் திரையுலகமே தெருவில் ஊர்வலம் போனது. திருட்டு விசிடியும் ஹாலிவுட் படங்களும் திரையரங்கைக் காலி செய்தன. தேர்ந்தவர்கள் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்கள். 2000களின் நடுவில் படங்களின் எண்ணிக்கை ஐம்பது, அறுபதாகச் சுருங்கியது. இவற்றையெல்லாம் தாங்கியிருக்கலாம். ஆனால் ஆபராப் பள்ளிகள் எப்போதோ மூடப்பட்டுவிட்டன. எண்பதுகளில் முப்பதைக் கடந்திருந்த அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் அடுத்த வரிசை இல்லை.

இதனால்தான் அடுத்த எழுச்சி வேறெங்கோ நிகழ்ந்தது. தாய்லாந்தின் வடகிழக்கில் பன்னா ரித்திக்ராய் பல ஆண்டுகளாகக் கிராமத்து இளைஞர்களைப் பழக்கி மலிவான சண்டைப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சிறுவயதிலேயே சேர்ந்த டோனி ஜா நடித்த ‘ஓங் பாக்’ 2003இல் கயிறும் இல்லை, கிராஃபிக்ஸும் இல்லை என்று விளம்பரம் செய்துகொண்டு வந்தது. 2011இல் வந்த இந்தோனேசியாவின் ‘த ரெய்ட்’ அந்நாட்டின் மரபுச் சண்டைக் கலையான சிலாட் பயின்றவர்களின் படம்; அதை உங்கள் மகனுக்கு இப்போது காட்டவேண்டாம், ரத்தம் அதிகம். மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிஷல் யோ லண்டனில் பாலே படித்தவர். சண்டைக் கலை எதுவும் கற்காமலே படப்பிடிப்புக்கு வந்து, நடனக்காரியின் காலைக் கொண்டே அதைக் கற்றார்.

இவ்வளவும் சொன்னபின் அந்தப் பள்ளி மறுபடி திறக்கவேண்டும் என்று நான் விரும்புகிறேனா என்று கேட்டால், இல்லை. நாமிருவரும் விடிய விடிய ரசித்தவை அடிபட்டு வளர்ந்த குழந்தைகளின் உடம்புகள். 1988இல் அப்பள்ளியைப் பற்றியே ‘பெயின்டட் ஃபேசஸ்’ என்றொரு படம் வந்தது. அதில் பிரம்பைக் கையில் பிடித்த ஆசிரியராக நடித்தவர் அவரிடம் அடிவாங்கிய சாமோ ஹங். கோபத்தை விட அன்பு கூடுதலாகத் தெரியும் அந்த நடிப்பை எப்படி எடுத்துக்கொள்வதென்று இன்றும் எனக்குக் குழப்பம்தான்.

மகனுக்கு 1983இல் வந்த ‘ப்ராஜெக்ட் ஏ’ படத்தைப் போடுங்கள். ஜாக்கி சான், சாமோ ஹங், யுவென் பியாவ் என்று அப்பள்ளியின் மாணவர்கள் மூவர் அதில் இருக்கிறார்கள்; மணிக்கூண்டிலிருந்து விழும் காட்சிவரை பையன் எழுந்து போகமாட்டான் என்று நம்புகிறேன். அதன்பிறகு அவன் அனுமதித்தால் லீயின் படத்துக்குத் திரும்பி, அந்தக் குட்டிக்கரணம் வரும் இடத்தில் நிறுத்தி, முகம் தெரிகிறதா என்று இருவருமாகத் தேடிப்பாருங்கள்.