உறையின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா?

போன வாரம் அமெரிக்கப் பாடகி கரோல் கிங்கின் 'டேபெஸ்ட்ரி' இசைத்தட்டைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான்.

கேள்வி: 1971-இன் முதல் அமெரிக்கப் பதிப்பு, அபூர்வம் என்று சொல்லி ஒருவர் பெரிய விலை கேட்கிறார். லேபிளில் ஓட் நிறுவனத்தின் எண் எஸ்பி 77009 என்று இருக்கிறது. நம்பலாமா?

பதில்: எண் சரிதான். ஆனால் அடுத்த சில வருஷங்களில் அச்சிட்ட தட்டுகளிலும் அதே எண்தான் இருக்கும், அதனால் அதை மட்டும் வைத்து முதல் பதிப்பு என்று சொல்ல முடியாது. அபூர்வம் என்பதும் பொய். அமெரிக்காவில் 15 வாரம் முதலிடத்தில் இருந்த ஆல்பம் அது, பழைய தட்டுகள் ஏராளமாகக் கிடைக்கும். கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடத்தில் கீறியிருக்கும் எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எந்த அச்சு என்பதை அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: படம் பார்க்காமல் வாங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் கீறல். என்ன செய்ய?

பதில்: அடுத்த முறை படம் கேளுங்கள். இதை எத்தனை தடவை எழுதுவது?

கேள்வி: ஆன்லைனில் பணம் கட்டினேன். உறை 'டேபெஸ்ட்ரி', உள்ளே வேறு யாருடைய தட்டோ. திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் இப்படி நடந்திருக்கிறது; அலைய அலுப்புப்பட்டு விட்டுவிட்டேன், இன்றும் அது உறுத்துகிறது. நீங்கள் விடாதீர்கள். சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று இந்தியாவின் 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள், மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பார்சல் பிரித்த படங்களை அழிக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு மலிவுப் பதிப்பில் வாசித்தவர்கள் பெயரே இல்லை. எழுதியதும் பாடியதும் கரோல் கிங்தானே, பெயர்கள் எதற்கு?

பதில்: இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது. 'இட்ஸ் டூ லேட்' பாட்டின் நடுவில் வரும் அந்தக் கிடார் யாருடையது? டேனி கார்ச்மர். பேஸ் கிடார் வாசித்த சார்ல்ஸ் லார்க்கி அப்போது கரோலின் கணவர். கரோலும் இவர்கள் இருவரும் 1968-இலேயே 'தி சிட்டி' என்று ஒரு குழு வைத்திருந்தவர்கள். 'சோ ஃபார் அவே'யில் புல்லாங்குழல் கர்ட்டிஸ் ஏமி, அக்கூஸ்டிக் கிடார் ஜேம்ஸ் டெய்லர். தயாரிப்பாளர் லூ ஆட்லர் இவர்களையெல்லாம் ஹாலிவுட்டின் ஏ அண்ட் எம் ஸ்டுடியோவில் உட்காரவைத்துப் பதிந்தார். அவர்கள் குரலை முந்தாமல் வாசித்ததால்தான் ஒரு வீட்டுக் கூடத்தில் பாடுவதுபோல் கேட்கிறது. அறுபதுகளில் டிரம்ஸ் ஹால் பிளெய்ன், பேஸ் கரோல் கே போன்ற ஸ்டுடியோ கலைஞர்கள் எத்தனையோ ஹிட் பாட்டுகளுக்கு வாசித்தும் உறையில் பெயர் வரவில்லை. வாங்கியவர்களுக்கு அது யார் என்றே தெரியாது. எழுபதுகளில் பாடலாசிரியர்-பாடகர்களின் ஆல்பங்களில்தான் அந்தப் பெயர்கள் எல்லாரும் படிக்கும்படி வந்தன. ஐம்பது வருஷம் கழித்து, நம்மிடம் காசு வாங்கிக்கொண்டு ஒருவர் அதை மறுபடி அழிப்பதா? நான் ஒருமுறை விலையைப் பார்த்து அப்படி ஒரு பதிப்பு வாங்கினேன். வெறும் முகப்புப் படம், பின்னால் பாட்டுப் பட்டியல், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் பழைய தட்டு ஒன்றைத் தேடி மறுபடி வாங்கினேன், இரட்டைச் செலவு. வாங்கும் முன்பு உறையின் பின்பக்கத்தையும் உள்ளட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: 'டேபெஸ்ட்ரி' பிடித்துவிட்டது. அடுத்து எது வாங்க?

பதில்: ஜேம்ஸ் டெய்லரின் 'மட் ஸ்லைட் ஸ்லிம்', அதுவும் 1971. கரோல் எழுதிய 'யூ'வ் காட் எ ஃப்ரெண்ட்' இரண்டிலும் இருக்கிறது, கார்ச்மரும் டிரம்ஸ் ரஸ் கங்கெலும் இரண்டு ஆல்பத்திலும் உண்டு, டெய்லர் ஆல்பத்தில் பேஸ் லீலண்ட் ஸ்க்லார். அப்புறம் ஜாக்சன் பிரவுனின் 'ரன்னிங் ஆன் எம்ப்டி', 1977. கார்ச்மர், கங்கெல், ஸ்க்லார் மூவரும் அதிலும் வாசித்திருக்கிறார்கள்.