இத்தாலிக்கு இரண்டாம் முறை: ஒன்பது இரவுக்கு மூன்று ஊர் போதும்

கேள்வி: 2023-இல் ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் மூன்றையும் ஒரே ஓட்டமாகப் பார்த்தோம். வரிசையில் நின்றதுதான் அதிகம் நினைவிருக்கிறது. வரும் அக்டோபரில் நானும் கணவரும் சென்னையிலிருந்து மீண்டும் போகிறோம், ஒன்பது இரவுகள். சியென்னா, லூக்கா, ஒர்வியேதோ, ரவென்னா, மாந்துவா, மத்தேரா, லெச்சே என்று பட்டியல் போட்டிருக்கிறேன். கார் ஓட்டமாட்டோம். அவர் முட்டை சாப்பிடுவார், கறி மீன் தொடமாட்டார். சரிவருமா?

பதில்: ஏழுமே நல்ல ஊர்கள்தான். ஆனால் ஒன்பது இரவில் ஏழு ஊர் என்றால் போன தடவை ஓடிய அதே ஓட்டம்தான். வடக்கே பொலோன்யாவிலிருந்து தெற்கே லெச்சேக்கு ரயிலில் மட்டுமே ஏறத்தாழ ஏழு மணி நேரம். மத்தேராவுக்கு பாரியில் இறங்கி வேறொரு சிறு ரயில் பிடிக்க வேண்டும். தெற்கை இன்னொரு பயணத்துக்கு வையுங்கள். சியென்னாவிலும் லூக்காவிலும் பகலில் ஃப்ளாரன்ஸ் கூட்டமே வந்து நிற்கும், அவற்றையும் ஒர்வியேதோவையும் விட்டுவிடலாம்.

என் யோசனை: துபாய் வழியாக பொலோன்யாவில் இறங்குங்கள். ரவென்னாவில் மூன்று இரவு, உங்கள் பட்டியலில் இல்லாத ஃபெராராவில் மூன்று, மாந்துவாவில் இரண்டு, கடைசி இரவு விமானத்துக்காக பொலோன்யா.

ரவென்னாவுக்கு மூன்று இரவா என்று கேட்பீர்கள். பலர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். அங்கே ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு மொசைக் ஓவியங்கள் பல கட்டடங்களில் இருக்கின்றன. கால்லா பிளாசிதியா கல்லறை மண்டபம் வெளியே இருந்து பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டடம். உள்ளே கண் இருட்டுக்குப் பழகியதும் கருநீலக் கூரை முழுக்கத் தங்க நட்சத்திரங்கள். பக்கத்திலேயே 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் வித்தாலே தேவாலயம். ஜஸ்டினியன் பேரரசரும் அவர் மனைவி தியடோராவும் சுவரிலிருந்து நம்மையே பார்க்கிறார்கள். கண்ணாடிச் சில்லுகளைச் சற்றே சாய்த்துப் பதித்திருப்பதால் வெளிச்சம் மாற மாற படமும் மாறும். ஒரே இடத்தைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். அதற்கு அந்த ஊரில் தங்கினால்தான் முடியும்.

ஃபெராரா சைக்கிள் ஊர். நடுவில் அகழியோடு 1385-இல் தொடங்கிய கோட்டை, சுற்றி ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு மதில். மதில்மேல் மரநிழலில் நடக்கலாம், வாடகைச் சைக்கிளிலும் போகலாம். மாலை ஆறு மணிக்கு மேல் ஊரே வீதிக்கு வந்து நடக்கும். அந்த நேரத்தில் ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாந்துவாவுக்கு வண்டி மாறித்தான் போக வேண்டும். ஆனாலும் மூன்று பக்கம் ஏரி சூழ்ந்த அந்த ஊரை, ஓவியர் மந்தேன்யா 1474-இல் வரைந்து முடித்த அரண்மனை அறைக்காகவே பார்க்கலாம்.

சாப்பாட்டில் கொஞ்சம் கவனம் தேவை. பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள். இது உங்கள் கணவருக்கு ஒத்துவருமா என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள், ஏனென்றால் இந்தப் பகுதியில் அது இல்லாத பாஸ்தா குறைவு. பியாதினா ரொட்டியில் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு சேரும்; ஆலிவ் எண்ணெயில் செய்ததா என்று கேளுங்கள். 'ப்ரோதோ' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் இறைச்சிச் சாறுதான். பார்மிஜானோ பரவாயில்லை என்றால் ஃபெராராவிலும் மாந்துவாவிலும் பரங்கிக்காய் பூரணம் வைத்த பாஸ்தா கிடைக்கும். வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தரச் சொல்லுங்கள், அவ்வளவு ருசி. மதியம் இரண்டரைக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும். இரவு ஏழரை வரை காத்திருக்க வேண்டும்.

அக்டோபர் நல்ல மாதம். நவம்பருக்குத் தள்ளிவிடாதீர்கள், போ நதிச் சமவெளியில் பனிமூட்டம் ஆரம்பித்துவிடும். திங்கட்கிழமை பல அரசு அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும், அன்று ஊர் மாறுங்கள்.

அப்புறம் விசா. போன தடவை கொடுத்த கைரேகை 59 மாதத்துக்குள் இருந்தால் பொதுவாக மறுபடி கேட்கமாட்டார்கள். விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே கொடுக்கலாம்.

இந்த ஊர்களுக்கிடையே ஓடும் பிராந்திய ரயில்களில் கட்டணம் மாறாது, முன்பதிவு வேண்டாம். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். இப்போதே பதிவு செய்ய வேண்டியவை விமானமும் தங்குமிடமும்தான். கால்லா பிளாசிதியாவுக்கு நேரம் குறித்த அனுமதி வேண்டும். ஊர் நாட்கள் உறுதியானதும் அதையும் எடுத்துவிடுங்கள்.