மூன்றரை அணாக் குறைவு

அன்புள்ள ஐயா,

முதுகலை ஆங்கிலம் படிக்கிறேன். இந்திய ஆங்கிலச் சிறுகதைகளின் கருப்பொருள்கள் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். கையேடுகளில் வறுமை, மூடநம்பிக்கை, சாதி, குடும்பம் என்று ஒரே பட்டியல். எந்தக் கதையை எடுத்தாலும் பொருந்திவிடுகிறது. இதைத் தாண்டி எப்படி எழுதுவது?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

எல்லாக் கதைக்கும் பொருந்துகிற சட்டை எந்தக் கதைக்கும் தைத்ததல்ல. பட்டியலை மூடிவைத்துவிட்டு, கதைக்குள் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பாருங்கள்.

ஆர்.கே. நாராயணின் 'ஆன் அஸ்ட்ராலஜர்ஸ் டே' கதைக்குக் கையேடு 'மூடநம்பிக்கை' என்று சீட்டு ஒட்டும். கதையில் வரும் ஜோசியருக்கு ஜோசியமே தெரியாது என்பதை நாராயண் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். இரவில் வந்த குரு நாயக் சுருட்டுப் பற்றவைக்கும்போது, தீக்குச்சி வெளிச்சத்தில் முகம் தெரிகிறது: முன்பொரு நாள் ஜோசியர் குத்திப்போட்டு, செத்தான் என்று நம்பி ஊரைவிட்டு ஓடிவந்த அதே ஆள். 'உன்னைக் குத்தியவன் லாரியில் நசுங்கிச் செத்தான், ஊருக்குப் போ' என்று அனுப்பிவிடுகிறார். பேசியது ஒரு ரூபாய், அதாவது பதினாறு அணா. வீட்டில் மனைவி எண்ணினால் பன்னிரண்டரை அணா. கொலைப்பழி இறங்கிய அன்றைக்கும் குறைந்த மூன்றரை அணாவுக்காக ஜோசியர் குரு நாயக்கைத் திட்டுகிறார். உங்கள் கட்டுரை அந்த மூன்றரை அணாவில் தொடங்கட்டும்.

அடுத்தது, இந்த வகைக் கதைகளுக்கே உரிய சோதனை. பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள்: இந்த உரையாடல் உண்மையில் எந்த மொழியில் நடக்கிறது? 'எ ஹார்ஸ் அண்ட் டூ கோட்ஸ்' கதையில் ஆடு மேய்க்கும் முனி பேசுவது தமிழ், ஊரிலுள்ள குதிரைச் சிலையை வாங்க விரும்பும் அமெரிக்கர் பேசுவது ஆங்கிலம். தாளில் இரண்டுமே ஆங்கிலம். (தமிழில் பெயர்த்தால் வேஷம் போடுவது அமெரிக்கரின் பேச்சாகிவிடும்!) நமக்கு இருவரும் புரிகிறார்கள், அவர்களுக்குத்தான் ஒருவரையொருவர் புரியவில்லை. முனிக்கு அந்தச் சிலை கலியுக முடிவில் உயிர்பெற்று எழும் குதிரை, அமெரிக்கருக்கோ வரவேற்பறைப் பொருள். அமெரிக்கர் சிலைக்காகத் தரும் 100 ரூபாய் தன் ஆடுகளுக்கு என்று முனி நம்புகிறார். ஆடுகள் தாமே வீடு திரும்ப, பணத்தைத் திருடிவந்ததாக மனைவி சந்தேகப்படுகிறாள். இதை 'வறுமை' என்று எழுதினால் பாதிக் கதை போய்விடும். அந்தக் குதிரை முனிக்குச் சொந்தமே இல்லை என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

குஷ்வந்த் சிங்கின் 'கர்மா'வில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் சர் மோகன் லாலை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து வெளியே தள்ளுகிறார்கள்; அவருடைய ஆங்கிலமும் கழுத்துப்பட்டையும் அவரைக் காப்பாற்றவில்லை. பெண்கள் பெட்டியில் வெற்றிலை மெல்லும் அவர் மனைவி லச்மிக்கு அது தெரியவும் தெரியாது.

ஜும்பா லாஹிரி அமெரிக்க எழுத்தாளர். சேர்ப்பதானால் தனிப் பத்தியில் சேருங்கள். அவருடைய 'இன்டர்ப்ரட்டர் ஆஃப் மாலடீஸ்' கதையில் வரும் கபாசி, நோயாளிகளின் குஜராத்தியை மருத்துவருக்குப் பெயர்த்துச் சொல்பவர். அங்கே மொழிபெயர்ப்பே பிழைப்பு.

மூன்று கதை போதும். ஏழெட்டு எடுத்தால் மறுபடியும் பட்டியல்தான் வரும்.