கிருஷ்ணகிரியில் இரண்டு மாடி வீடு கட்டுகிறோம். நிலநடுக்க அதிர்வைக் குறைக்க டேம்பர் வைக்கலாமா?

தைவானில் இருக்கும் தைபே 101 கோபுரத்தில் தொங்கும் இரும்புக் குண்டின் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 660 டன் குண்டு அது. கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்தால் குண்டு பின்தங்கி எதிர்ப்பக்கம் இழுக்கும். அதில் பிணைத்த எண்ணெய் உருளைகள் ஆட்டத்தைச் சூடாக மாற்றிக் கரைத்துவிடும், பைக்கின் ஷாக் அப்சார்பர் மாதிரி. முக்கியமாகக் காற்றுக்காக வைத்தது. அந்தக் கோபுரம் ஒரு முறை ஆடி வர சுமார் 7 விநாடி ஆகும். உங்கள் வீட்டுக்குக் கால் விநாடியே அதிகம். அந்த வைத்தியம் இங்கே பொருந்தாது.

டேம்பரே வீண் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2001 குஜராத் பூகம்பத்தில் இடிந்த, கட்ச் மாவட்டத்துப் புஜ் மருத்துவமனையை, அதிர்வை உள்வாங்கும் ஈயம் வைத்த ரப்பர் தாங்கிகள் மேல்தான் மறுபடி எழுப்பினார்கள். அங்கே அது வேண்டும். ஆனால் அதே பூகம்பத்தில் 200 கிலோமீட்டர் தாண்டி அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பல, கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல், கார் நிறுத்த வெறும் பில்லரில் நின்ற அடுக்குமாடிகள். நீங்களும் கீழே பார்க்கிங்தான் விடப்போகிறீர்கள், இல்லையா?

பில்லர் என்றாலே எனக்கு ஆறாத விஷயம். காவேரிப்பட்டணம் பக்கம் பெரியப்பா வீடு கட்டினார். மறுநாள் காலை பில்லருக்கு கான்கிரீட். சாயங்காலம் போய்ப் பார்த்தால், நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் எல்லா ரிங்கிலும், முனையை மடக்கிய கொக்கி வெறும் 90 டிகிரியில் நிற்கிறது. குலுங்கும்போது ரிங்குக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் உதிர்ந்தால் அந்தக் கொக்கி வாயைத் திறந்துவிடும். உள்ளிருக்கும் கான்கிரீட் கொட்டி, நெடுக்குக் கம்பி வளைந்துவிடும். 135 டிகிரியில் உள்பக்கம் மடக்கவேண்டும், பீம் சேருமிடத்தில் 4 அங்குலத்துக்கு ஒரு ரிங் வேண்டும் என்றேன். பூகம்பம் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 13920 சொல்வதும் அதுதான். "நம்ம ஊர்ல எந்தப் பூகம்பம்டா வந்துச்சு? மிக்ஸருக்கு வாடகை நீ குடுப்பியா?" என்றார் பெரியப்பா. கட்ச் அளவுக்கு இங்கே அபாயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொக்கியை மடக்கக் கூடுதல் கம்பி பெரிதாக ஆகாது, கைவேலைதான்.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷம் கம்பி கட்டியவர், வேலையை விட்டு நாளாகிவிட்டது. கம்பி வளைக்கும் சாவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் டார்ச் பிடித்தேன். விடியும்போது கீழ்த்தளத்துப் பில்லர்கள் முடிந்திருந்தன.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கிரகப்பிரவேசத்தில் கொத்தனாருக்கு வேட்டி, ஆசாரிக்கு வேட்டி. கம்பி கட்டியவரைக் கூப்பிடுவதே இல்லை. அவர் வேலை கான்கிரீட்டுக்குள் போய்விடுகிறது. அப்பாவுக்கு எந்த வீட்டிலும் அந்த மரியாதை நடக்கவில்லை. பெரியப்பா வீட்டிலும்தான்.

டேம்பருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் வரைபடம் வாங்குங்கள். பார்க்கிங்கில் இரண்டு பக்கமாவது முழுச் சுவர் வருமா என்று அவரிடமே கேளுங்கள். கான்கிரீட்டுக்கு முந்தின நாள் நீங்களே போய் ரிங்கின் கொக்கியை விரலால் தொட்டுப் பாருங்கள்.