காது கேட்குது, ஆனா புரியலை: டர்பன் ஆடியாலஜிஸ்டிடம் கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பேத்தி: டாக்டர் அக்கா, ஆயாவுக்கு 79 வயது. இரண்டு காதுக்கும் கருவி வாங்கிக் கொடுத்தோம். டிராயரில் கிடக்கிறது. கேட்டால் "ஒரே இரைச்சல்" என்கிறார்.

அக்கா போதும்மா, டாக்டர் வேண்டாம். மருந்து எழுதுவதும் அறுவை செய்வதும் காது மூக்கு தொண்டை மருத்துவர் வேலை. எவ்வளவு கேட்கிறது என்று அளப்பது, கருவியைப் பொருத்துவது, பிறகு பழக்குவது என் வேலை. அந்தக் கடைசிப் பாதியை யாரும் செய்யாததால்தான் கருவி டிராயருக்குப் போகிறது.

பல வருடம் அமைதிக்குப் பழகிய மூளைக்குத் திடீரென்று ஃபிரிட்ஜ் உறுமல், பாத்திரச் சத்தம் எல்லாம் வந்தால் இரைச்சலாகத்தான் இருக்கும். முதல் வாரம் தினம் இரண்டு மணி நேரம், வீட்டுக்குள், ஒரே ஆளோடு பேசும்போது மட்டும் போடச் சொல்லுங்கள். கல்யாண மண்டபத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

கருவி பொருத்தியவரிடமும் ஆயாவைத் திரும்பக் கூட்டிப்போங்கள். காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, செவிப்பறை அருகே எவ்வளவு ஒலி போய்ச் சேருகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் காட்டுகிற கணக்கை மட்டும் நம்பி அனுப்பிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. நானும் ஆரம்ப காலத்தில் அப்படி அனுப்பியவள்தான்.

இன்னொன்று. இங்கே, சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பேச்சுச் சோதனை பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களில் நடக்கும். பழக்கமில்லாத சொல்லைத் தப்பாகச் சொன்னால் அது காதின் குற்றமா, மொழியின் குற்றமா? தமிழ் மட்டும் வசதியாகப் பேசும் ஒரு பாட்டிக்கு அவர் மருமகளை என் பக்கத்தில் உட்காரவைத்து, உதடு தெரியாமல் ஒரு தாளால் மறைத்துச் சொல்லச் சொன்னேன். 'பசி' என்றார் மருமகள். பாட்டி 'படி' என்றார். 'மாமா' மட்டும் தவறவே இல்லை. ஸகர ஒலியின் பலம் உச்ச சுருதியில், 4000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். வயதானால் முதலில் தேய்வதும் அந்தப் பக்கம்தான். "கேட்குது, புரியலை" என்பது இதுதான். சத்தம் போட்டால் சரியாகாது. முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள்.

டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து: அக்கா, தம்பிக்கு 2016-ல் மருந்துக்கு அடங்காத காசநோய் வந்து, மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். நோய் போச்சு, காதில் ரீங்காரம் மட்டும் போகவில்லை.

அப்போது போட்டது கேனமைசின் அல்லது அமிக்கசினாக இருந்திருக்கும். உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்களை அவை கொல்லும். செத்தவை மீண்டும் முளைக்காது. உச்ச சுருதிகள் முதலில் போவதால் நோயாளிக்கே ஆரம்பத்தில் தெரியாது. அதனால்தான் ஊசிக்கு முன் ஒரு முறையும், சிகிச்சை நடக்கும்போது திரும்பத் திரும்பவும் அளப்பது எங்கள் பொறுப்பு. இறங்குவது தெரிந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லவேண்டும். 2018-ல் நம் தென்னாப்பிரிக்கா அந்த ஊசிகளுக்குப் பதிலாக பெடாக்விலின் மாத்திரையைக் கொண்டுவந்தது. தம்பிக்குக் கருவி உதவலாம். ரீங்காரமும் அதோடு பலருக்குக் குறையும். கருவியும் பலன் தராத அளவு போயிருந்தால் காக்லியர் இம்ப்ளாண்ட், அதாவது அறுவை செய்து உள்காதில் வைக்கும் கருவி பற்றிப் பேசலாம்.

மெரபேங்க், இளம் தாய்: பாப்பாவுக்கு ஒன்பது மாதம். தட்டு விழுந்தால் திரும்புகிறாள், பெயர் சொன்னால் இல்லை. மாமியார் பொறுக்கச் சொல்கிறார்.

பொறுக்காதீர்கள். தட்டு விழும் அதிர்வு தரையிலும் தெரியும். அது சோதனையே இல்லை. பிறந்து 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் கருவி என்பது எங்கள் கணக்கு. இந்த வாரமே போங்கள். தூங்கும்போதே ஊசியில்லாமல் அளந்துவிடலாம். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

டோங்காட்: பூண்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விடலாமா?

செவிப்பறை ஓட்டையாக இருந்தால் ஆபத்து. பார்க்காமல் எதையும் விடாதீர்கள். பஞ்சுக் குச்சியும் வேண்டாம், அழுக்கை இன்னும் உள்ளேதான் தள்ளும்.

காவடிக்கு உருமி அடிக்கும் தம்பி: அக்கா, மேளம் முடிந்து மறுநாள் வரை காது அடைத்தே இருக்கிறது.

அது எச்சரிக்கை மணி. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால் 88-ல் நாலு, 91-ல் இரண்டு. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதி. 100-ல் கால் மணிதான். இசைக்காரர்களுக்கென்றே சுருதி கெடாத காதடைப்பு இருக்கிறது. காதின் அச்சு எடுத்தும் செய்து தருவோம். தாளம் தப்புமோ என்ற பயம் இரண்டு ஒத்திகையில் போய்விடும். ஆனால் ஒரு காது திடீரென்று முழுசாகக் கேட்காமல் போனால் என்னைத் தேடாதே. அன்றைக்கே மருத்துவரிடம் ஓடு.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: இந்தப் படிப்பு எப்படி?

நாலு வருடப் பட்டம், பிறகு ஒரு வருடம் அரசு மருத்துவமனையில் சமூகச் சேவை. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில், வெஸ்ட்வில்லில் இருக்கிறது. இசுலு, அதாவது ஜூலு மொழி, நன்றாகப் பேசக் கற்றுக்கொள். ஊர்ப்புற மருத்துவமனையில் அது இல்லாமல் நாள் நகராது. தமிழையும் விட்டுவிடாதே, அந்த மருமகள் எல்லா நாளும் கூட வரமாட்டாள்.