ஈயம் கலந்த பெட்ரோல் போய்விட்டதே, அப்புறமும் சாலைத் தூசியில் உலோகம் எங்கிருந்து வருகிறது?

இந்தியாவில் 2000-லேயே ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது, உண்மைதான். ஆனால் உலோகம் புகையில் மட்டும் வருவதில்லை. டிஸ்க் பிரேக் உள்ள கார் ஒன்றின் அலாய் வீலை விரலால் தேய்த்துப் பாருங்கள். ஒட்டுகிற கறுப்புப் பொடி பெரும்பாலும் பிரேக் தேய்மானம்தான்: இரும்பு, டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேடைப் பொறுத்து செம்பு, ஆன்டிமனி. சிக்னலில் எல்லாரும் ஒரே இடத்தில் பிரேக் பிடிப்பதால் அங்கே இது அதிகம் சேரும். டயர் ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பார்கள். டயர் தேயத் தேய துத்தநாகம் தூசியாகிறது. மின்சார வண்டிக்கும் டயர் தேயத்தானே செய்யும்!

சரி, ஈயம்? அது மக்கிப் போகாது. அன்று ரோட்டோர மண்ணில் படிந்தது காற்றிலும் லாரி வேகத்திலும் இன்றும் கிளம்புகிறது. சக்கரத்தைச் சமன் செய்ய ரிம்மில் ஒட்டும் ஈயக் கட்டிகளும் கழன்று விழுந்து நசுங்குகின்றன.

மழை பெய்தால் இதெல்லாம் வடிகால் வழியாக ஆற்றுக்குப் போகும். செம்பு மீன்களைப் பாதிக்கிறது என்றுதான் கலிபோர்னியா 2010-ல் பிரேக் பேடில் செம்பைக் குறைக்கச் சட்டம் போட்டது.

ரோட்டோர வீடென்றால் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தவழும் குழந்தையின் கை நேரே வாய்க்குத்தான் போகும்.